புதுப்பிப்பு: மருத்துவரைப் பார்த்துவிட்டேன்

மூன்று மாதங்களுக்கு முன், தூக்கமே வராமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல், வேலையையும் விட்டுவிட்டு இருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். 14416-க்கு அழைக்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண்தான் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் அவசரப்படுத்தவே இல்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மனச்சோர்வு என்றார்கள். எஸ்சிட்டலோபிராம் மாத்திரை இலவசமாகவே கிடைத்தது. முதல் வாரம் குமட்டல், பதற்றம்கூட அதிகமானது. நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் முன்பே அழுத்திச் சொல்லியிருந்ததால் தொடர்ந்தேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் காலை, பசித்து எழுந்தேன். எத்தனை நாளாயிற்று அப்படிப் பசித்து!

இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சில நாட்கள் படுக்கையை விட்டு எழவே முடிவதில்லை. மாத்திரை எதற்கு, கோயிலுக்குப் போனால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அடுத்த வியாழன் என்னோடு வருகிறேன் என்றிருக்கிறார். மருத்துவரிடம் கேட்க நான்கு கேள்விகளும் எழுதி வைத்திருக்கிறார்.