ஐஸ்லாந்தின் ஓர் ஆண்டு: ஏப்ரலிலேயே கோடை தொடங்குவது ஏன்?

திசைகாட்டி கேட்டது:

வணக்கம். ஐஸ்லாந்து மக்களின் ஆண்டு எவ்வாறு நகர்கிறது என்பதைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். அந்நாட்டு விடுமுறைப் பட்டியலில், ஏப்ரல் 19 முதல் 25 வரையிலான நாட்களுக்குள் வரும் வியாழக்கிழமை 'கோடையின் முதல் நாள்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்நாளில் பனி பெய்வதும் உண்டாம். பனி பெய்யும் நாளில் கோடையை வரவேற்பது வெறும் வேடிக்கையா, அல்லது அதற்கு வேறு கணக்கு உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வெண்பனி:

கணக்கு உண்டு. ஐஸ்லாந்தின் பழைய நாட்காட்டி ஆண்டைக் கோடை, குளிர்காலம் என்று இரண்டே பாதிகளாகப் பிரித்தது. அக்டோபர் இறுதியில் வரும் ஒரு சனிக்கிழமையில் குளிர்காலம் தொடங்கும். ஏப்ரல் வியாழனில் அது முடியும். குளிர்காலத்தின் கடைசி இரவில் நீர் உறைந்தால் வரும் கோடை நன்றாக அமையும் என்பது நெடுநாளைய நம்பிக்கை என்பதால், அன்று பனி பெய்வதை யாரும் அபசகுனமாகக் கருதுவதில்லை. குழந்தைகளுக்கு அன்று பரிசு கொடுக்கும் வழக்கமும் உண்டு.

வெப்பநிலையைக் கொண்டு அந்நாட்டின் மாதங்களைப் பிரிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஒன்று கரையைத் தழுவிச் செல்வதால், தலைநகர் ரெய்க்யவிக்கின் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0 பாகையாகவும், ஜூலைச் சராசரி 12 பாகையை ஒட்டியும்தான் இருக்கின்றன. மாறுவது வெளிச்சம். டிசம்பரின் நடுவில் நான்கு மணி நேரம் மட்டுமே நீடிக்கும் பகல், ஏப்ரல் இறுதியில் 15 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. ஜூனில் முழு இருள் என்பதே இல்லை. போதாக்குறைக்கு, 1968 முதல் ஆண்டு முழுவதும், உள்ளூர்ச் சூரிய நேரத்தைவிட முந்தி ஓடும் கிரீன்விச் நேரத்தையே பின்பற்றுவதால், குளிர்காலத்தில் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குச் செல்ல நேர்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஏப்ரலைக் கோடை என்று அழைப்பதில் வியப்பில்லை.

வெளிச்சம் உச்சத்தை எட்டும் ஜூனிலேயே தேசிய நாளும் அமைந்துவிட்டது. விடுதலை இயக்கத் தலைவர் யோன் சிகுர்ட்சன் பிறந்த ஜூன் 17ஆம் நாளைத் தேர்ந்து, 1944இல் திங்வெட்லிரில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 930இல் ஆல்திங் என்னும் மக்கள் மன்றம் கூடத் தொடங்கிய இடமும் அதுவே.

உப்பங்கழி:

வெண்பனி சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் வெளிச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பது என் கருத்து. ஆண்டைக் காட்டிலும் பிழைப்பு மூத்தது. முட்டையிட வரும் காட் மீனைத் தேடிப் படகுகள் செல்லும் குளிர்கால மீன்பிடிப் பருவம் இருட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஜூன் முதல் ஞாயிறன்று கடலோடிகளின் நாளைத் துறைமுக ஊர்கள் கொண்டாடுவதும் அந்த உழைப்பைப் போற்றத்தான்.

ஆடுகளின் ஆண்டு இன்னும் தெளிவானது. மே மாதத்தில் குட்டிகள் பிறக்கின்றன. கோடையில் அவை மேய்ப்பனின்றி மலைப்பகுதிகளில் திரிகின்றன. செப்டம்பரில் ஊரார் குதிரையேறிச் சென்று அவற்றைத் திரட்டி ஓட்டி வருகின்றனர். நடுவில் வட்டமான பட்டி, அதைச் சுற்றிப் பண்ணைக்கு ஓர் அறை என அமைந்த தொழுவத்தில், காதில் இட்ட அடையாளத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆட்டையும் உரியவர் இழுத்துச் செல்வர். அன்று பாட்டும் குடியும் உண்டு. நகரத்துக்குப் போய்விட்ட உறவினரும் திரும்பி வருவர். ஐஸ்லாந்தை அறிய ஒரே ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஜூனை விட்டுவிட்டுச் செப்டம்பரையே நான் சொல்வேன்.

திசைகாட்டி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால், பழைய நாட்காட்டியில் ஜனவரி இறுதியில் தொடங்கும் தோரி என்னும் மாதத்தின் விருந்து இவற்றுள் எங்கே பொருந்துகிறது? அது வைக்கிங்குகள் காலத்திலிருந்து இடையறாது வரும் சடங்கு என்று ஓரிடத்தில் படித்தேன்.

மாலைமுகில்:

'இடையறாது' என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பழம் நூல்களில் அப்பெயர் இருப்பது உண்மையே. ஆனால் இன்றைய விருந்து 19ஆம் நூற்றாண்டில், தேசிய உணர்வு மேலோங்கிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. இன்று மேசையில் காணும் உணவுத் தொகுப்பைப் பரவலாக்கியது 1958இல் ரெய்க்யவிக்கின் நௌஸ்த் என்னும் உணவகம். இருப்பினும் உணவுகள் பழையவையே. இலையுதிர் காலத்தில் வெட்டிய ஆட்டின் இறைச்சியைப் புளித்த பால் தெளிநீரில் ஊறவைத்தால் குளிர்காலம் முழுவதும் கெடாது. உப்பு அரிதாக இருந்த நாட்டில் வேறு வழி குறைவு. அவ்வகையில் உப்பங்கழி விவரித்த செப்டம்பர் மாத ஆடுகளே பிப்ரவரி விருந்துக்கும் வந்து சேர்கின்றன. கூடவே பரிமாறப்படும் நொதித்த சுறாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.