மறு: அப்சைக்கிளிங் – ‘சுழற்சி’யை விட்டுவிடலாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

தூக்கிப் போட இருந்த பொருளைக் கூடுதல் மதிப்புள்ள வேறொன்றாக ஆக்குவதை ஆங்கிலத்தில் அப்சைக்கிளிங் என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: மேல்சுழற்சி, உயர்சுழற்சி, மதிப்புயர் மறுசுழற்சி, மறுவாழ்வாக்கம், மீளுருவாக்கம். கடைசி இரண்டையும் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மறுவாழ்வு என்றால் சிகிச்சை மையமும் முகாமும்தான் நினைவுக்கு வரும், பழைய அலமாரி வராது. மீளுருவாக்கம் ஏற்கெனவே பல துறைகளில் பல பொருளில் உழைத்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு சுமை வேண்டாம்.

மற்ற மூன்றிலும் ‘சுழற்சி’ இருக்கிறது. என் சண்டை அதோடுதான். நண்பர்கள் எழுதியதை மேற்கோளாக எடுத்துப் போட்டே பதில் சொல்கிறேன்.

> மறுசுழற்சி என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே மேல்சுழற்சி என்று வைத்தால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

விளக்க வேண்டாம்தான், ஆனால் தப்பாக விளங்கும். ரெய்னர் பில்ஸ் என்ற ஜெர்மன் பொறியாளர் 1994-இல், பழைய கட்டடப் பொருள்கள் பற்றிய சால்வோ இதழுக்குக் கொடுத்த பேட்டியில் அப்சைக்கிளிங் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இடிக்கும் கட்டடங்களின் செங்கல்லை நொறுக்கித் தள்ளிவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்கிறார்களே, அது மதிப்பைக் கீழே இறக்குகிற வேலை, நமக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது என்பது அவர் ஆதங்கம். அதாவது சொல் பிறந்ததே மறுசுழற்சியைக் குறை சொல்வதற்காக. அதையே தாய்ச்சொல்லாக்கி, இதை அதன் பிள்ளை என்று அறிமுகப்படுத்துவது பொருந்தவில்லை.

மரத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மறுசுழற்சிக்குப் போகும் கெட்டிப் பலகை சில்லுகளாகி, பிசினோடு அழுத்தப்பட்டு, துகள் பலகையாக வரும். அந்தப் பலகையில் திருகாணியைக் கழற்றி அதே துளையில் மறுபடி முடுக்கினால் முதல் பிடி இருக்காது. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஊதியது மறுபடி அமுங்காது. பொருள் ஒரு சுற்று போய்வந்தது உண்மை, வந்து சேர்ந்தது கீழ்த்தளத்துக்கு. இதற்கு ‘தரமிறங்கு மறுசுழற்சி’ என்று வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழைய கதவு ஒன்று மேசைப் பலகை ஆகும்போது எதுவும் சுற்றுவதில்லை. அரைபடுவதில்லை, உருகுவதில்லை. கதவின் நார், கீல் இருந்த பள்ளம், தாழ்ப்பாள் தடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாறியது அதன் பயன்.

ஆகவே என் பரிந்துரை: புதுப்பயனாக்கம். வினையாகப் புதுப்பயனாக்கு. பெயரடையாக வெறும் புதுப்பயன் போதும்: புதுப்பயன் மேசை, புதுப்பயன் பலகை. ‘மதிப்புயர் மறுசுழற்சி மேசை’ என்று யாராவது ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

> அப்சைக்கிளிங்கின் உயிர் மதிப்புக் கூடுவதுதான். பயன் மாறுவதற்கு ஆங்கிலத்தில் ரீபர்ப்பஸிங் என்று தனிச்சொல் உண்டு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள்.

ஆமாம், தெரிந்தேதான் ஆக்குகிறேன். அங்கே இரண்டு சொல் இருப்பதால் இங்கேயும் இரண்டு வேண்டும் என்பதில்லை. மதிப்பு என்பது விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்வது. உப்புத்தாளைக் கையில் வைத்திருப்பவர் செய்யும் வேலையைத்தான் கலைச்சொல் சொல்லவேண்டும். தவிர, ‘மதிப்புக்கூட்டு’ என்று தொடங்கினாலே படிப்பவர் மனம் வரிக்குப் போய்விடுகிறது.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. நாற்காலி நாற்காலியாகவே இருக்க, பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதுப்பூச்சு ஏற்றினால் அது என்ன? அது புதுப்பித்தல். அதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பறிக்கவேண்டாம். இதிலேயே சீரமைப்பு என்று இன்னொன்றையும் பிரிக்கவேண்டும். பொருளை அதன் பழைய நிலைக்கே, முடிந்தவரை அதே பசை, அதே பூச்சுக் கொண்டு திருப்புவது சீரமைப்பு. தன் ரசனைப்படி வேறு தோற்றம் கொடுத்தாலும் அது புதுப்பித்தல்தான்.

சொற்பிரிப்புக்காகச் செய்யும் பிரிவினை இல்லை இது. பட்டறையில் ஒவ்வொன்றுக்கும் முதல் கேள்வியே வேறு. சீரமைப்பவர் முதலில் பார்ப்பது, எதைத் திரும்பக் கழற்ற முடியும் என்பதை. வச்சிரப்பசையில் (விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டிய பழைய நாற்காலியின் மூட்டு, சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். கழற்றி, சுத்தம் செய்து, அதே பசையில் மறுபடி ஒட்டலாம். இன்றைய வெள்ளைப் பசையில் அந்தச் சலுகை கிடையாது. பழைய பசையைச் சுரண்டி எடுத்தால்தான் புதுப்பசை பிடிக்கும். பூச்சும் அப்படித்தான். கண்ணில் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன் மாதிரி இறுகிய பூச்சு. அரக்கு என்றால் பூச்சை முழுக்க உரிக்கவே தேவையில்லை, புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்துக்கொண்டு அதனோடு சேர்ந்துவிடும். இது தெரியாமல் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு அதற்குச் சீரமைப்பு என்று பெயர் சூட்டுகிறவர்கள் உண்டு. அகராதியில் நாம் கோடு போடாவிட்டால் அவர்களை எதுவும் சொல்ல முடியாது.

(இழைக்கு வெளியே ஒரு வார்த்தை. மிகப் பழைய பெயின்ட் என்றால் உலர் தேய்ப்பு வேண்டாம். ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான். அப்புறம், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.)

> சரி, மரச்சாமானுக்குப் பொருந்துகிறது. சமையலறைக்கு? பழத்தோலில் வினிகர் செய்வதையும் இப்போது அப்சைக்கிளிங் என்கிறார்களே.

இந்த மடல் எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லுக்கு உண்மையான சோதனை இதுதான். அப்சைக்கிள்டு ஃபுட் அசோசியேஷன் என்ற அமைப்பு 2020-இல் கொடுத்த வரையறையின் சாரம், மனிதர் சாப்பிடப் போய்ச் சேராமல் வேறெங்கோ போயிருக்கவேண்டிய பொருளை உணவாக்குவது. ‘புதுப்பயன்’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. கூடவே இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. பருவத்தில் பழம் மலிந்தபோது ஜாம் கிண்டுவது புதுப்பயனாக்கம் ஆகாது, பழம் முன்பும் உணவுதான். அது பதப்படுத்தல், அவ்வளவே. ஆனால் அதே ஜாமில், தூக்கிப் போட இருந்த ஆரஞ்சு விதையையும் தோலின் உள்வெள்ளையையும் துணியில் முடிந்து கொதிக்கவிட்டால், அதிலிருந்து இறங்கும் பெக்டின்தான் ஜாமை உறையவைக்கிறது. விதைக்கும் வெள்ளைக்கும் இது புதுப்பயன். ஒரே பாத்திரத்தில் இரண்டு வேலையும் நடக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கிடைக்கிறது. ஆலைகளில் பெக்டின் எடுப்பதும் சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் எலுமிச்சை இனத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும்தான். பாலாடைக்கட்டியையும் பாருங்கள்: 10 லிட்டர் பாலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 கிலோ கட்டி, மிச்சமெல்லாம் தெளிந்த நீர். ஒரு காலத்தில் கால்நடைத் தீவனமாகவோ கழிவாகவோ போன அந்த நீரிலிருந்துதான் இன்றைய புரதப்பொடிகள் பல வருகின்றன.

மேல்சுழற்சி உணவு என்று சொல்லிப் பாருங்கள். பசி போய்விடும்.

உயர்பயன் என்று தனி மடலில் எனக்கு எழுதிய நண்பருக்கும் இங்கேயே பதில்: மரத்துக்கு ஒத்துவரும், ஆனால் ‘உயர்பயன் உணவு’ என்றால் சத்துமாவு விளம்பரம் போலத் தொனிக்கிறது.

வினீருக்கு மேலொட்டுத்தாள் என்றும் ஒரு பரிந்துரை வந்திருந்தது. தாள் என்றதும் பிளாஸ்டிக் ஒட்டுத்தாளையும் காகிதத்தையும் நினைத்துவிடுவார்கள். வினீர் நிஜ மரத்தின் மெல்லிய சீவல், இப்போது வருவது பெரும்பாலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனில்தான் இருக்கிறது. உப்புத்தாளை நாலு முறை கூடுதலாக ஓட்டினால் அடிப்பலகை வெளியே வந்துவிடும். அதனால் ‘சீவல்’ என்ற பகுதி சொல்லில் எங்காவது இருக்கட்டும். மேற்சீவல்? தச்சர்கள் வினீர் என்றே சொல்கிறார்கள், அப்படியே எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

பாட்டினாவுக்கு (காலப்போக்கில் பொருளின் மேற்பரப்பில் வரும் நிறமாற்றமும் மெருகும்) களிம்பு என்று எழுதியிருந்தது செம்புக்குச் சரி. மரத்தில் கைபட்டுக் கைபட்டு வரும் நிறத்துக்கும் வழவழப்புக்கும் களிம்பு என்றால் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடுவார்கள். காலமெருகு என்று வைக்கலாமா? இதற்கும் புதுப்பயனாக்கத்துக்கும் மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.