மாந்தளிர் ஏன் செவப்பா இருக்கு?

யீஷூன்காரன்: நம்ம சிங்கப்பூர்ல வசந்தகாலம்னு ஒண்ணு கிடையாது ஆனா எங்க புளோக் கீழ உள்ள மாமரம் திடீர்னு ஒரே செவப்பா துளிர் விட்டு நிக்குது, பச்சையே காணோம், அப்ப அது ஆக்சிஜன் விடுமா?

செடிக்கார அக்கா: ரொம்ப கம்மி தம்பி. அந்த செவப்பு ஆந்தோசயனின்ங்கிற நிறமி, வெயிலுக்கு சன்ஸ்கிரீன் மாதிரி. பச்சையம் இன்னும் சரியா சேரல, அதுவரைக்கும் பழைய இலைங்கதான் சோறு போடணும். (மாந்தளிர் மேனின்னு சும்மாவா சொன்னாங்க!)

கோப்பி_ஓ: இலை விடுற ஆக்சிஜன் கரியமில வாயுலேர்ந்து வருதுன்னுதான் நானும் ரொம்ப நாளா நெனச்சேன், இல்ல, வேர் உறிஞ்சுற தண்ணிலேர்ந்து வருது, 1941லயே ரூபன், கேமன்ங்கிற விஞ்ஞானிங்க ஆக்சிஜன்-18 (கொஞ்சம் கனமான ஆக்சிஜன் வகை) வெச்சு காட்டிட்டாங்க.

யீஷூன்காரன்: அப்ப நேத்து பேஞ்ச மழையதான் மூச்சா இழுக்குறோமா லா 😄