செட் போடுவதற்கு முன் அட்டையில் மாதிரி செய்வது அவசியமா?

கேள்வி (கலை இயக்குநரின் உதவியாளர்):
வணக்கம். சிறிய முதலீட்டுப் படம் ஒன்றுக்காக ஓட்டு வீட்டைச் செட் போடவிருக்கிறோம். முன்னால் திண்ணை, உள்ளே 16 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட கூடம், அதை ஒட்டிச் சமையலறை. திண்ணையிலிருந்து சமையலறை வரை டிராலியில் (கேமராவை வைத்து நகர்த்தும் வண்டியில்) ஒரே ஷாட்டாகச் செல்ல வேண்டும் என்று இயக்குநர் விரும்புகிறார். கணினியில் முப்பரிமாண வரைபடம் தயாராகிவிட்ட நிலையில், அட்டை மாதிரியால் பயன் உண்டா? எந்த அளவில் செய்யலாம்?

மறுமொழி 1 (ஒளிப்பதிவாளர்):
அவசியம் செய்யுங்கள். ஓர் அடிக்கு அரை அங்குலம், அதாவது 1:24 அளவு, போதுமானது; கூடம் 8 அங்குலத்துக்கு 6 அங்குலமாக மேசையில் அடங்கிவிடும். சுவர்களைப் பசை போட்டு ஒட்டாமல் குண்டூசியால் நிறுத்துங்கள். சூப்பர் 35 சென்சாரில் (திரைப்படக் கேமராக்களில் பரவலாக உள்ள சென்சார் அளவு) 35 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 39 பாகை என்பதால், உங்கள் 12 அடிச் சுவர் முழுவதும் தெரியக் கேமரா அதிலிருந்து ஏறத்தாழ 17 அடி தள்ளி நிற்க வேண்டும். கூடத்தின் நீளமோ 16 அடிதான். எதிர்ச்சுவரைக் கழற்றும்படி அமைக்க வேண்டும் என்பது குண்டூசியைப் பிடுங்கும்போதே விளங்கிவிடும்.

பார்ப்பதற்குக் கைப்பேசியே போதும். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா, சூப்பர் 35 சென்சாரில் ஏறத்தாழ 18 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தைக் காட்டும். இருமடங்கு ஜூம் செய்தால் 35-க்கு அருகில் வரும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி இறங்கும். 5 அடி உயரக் கண்மட்டம் மாதிரியில் இரண்டரை அங்குலம் மட்டுமே.

மறுமொழி 2 (செட் வேலை பார்ப்பவர்):
டிராலியையும் அதே அளவில் அட்டையில் வெட்டி, வாசல் வழியாக நகர்த்திப் பாருங்கள். நான் வேலை செய்த ஒரு படத்தில் வாசல் இரண்டரை அடி, டிராலி மூன்று அடி என்பதை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. படப்பிடிப்பு நாளன்று காலையில் நிலையைப் பெயர்த்து, வாசலை அகலப்படுத்தி, மீண்டும் பூசி, வண்ணம் காயும் வரை எல்லோரும் காத்திருந்தோம். அந்த அரை நாள் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

மறுமொழி 3 (உதவி இயக்குநர்):
கணினி வரைபடத்தை ஒதுக்க வேண்டாம். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு அதுவே எளிது. ஆனால் மேசையைச் சுற்றி இயக்குநர், ஒளிப்பதிவாளர், தச்சர் எல்லோரும் நின்று ஒரே பொருளில் கைவைத்துப் பேசுவதற்கு அட்டைதான் உதவும். திறந்த வெளியில் செட் போடுவதாக இருந்தால், டார்ச் விளக்கைச் சூரியனாகக் கொண்டு திண்ணையில் எப்போது வெயில் விழும் என்றும் பாருங்கள். தென்கொரியப் படமான ‘பாரசைட்’டில் (2019) பணக்கார வீட்டின் தரைத்தளத்தையும் தோட்டத்தையும் சூரியனின் திசையைக் கணக்கில் கொண்டே வெட்டவெளியில் அமைத்தார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மாதிரி செய்ய இன்றே சன்போர்டு (எடை குறைந்த நுரை அட்டை) வாங்குகிறேன். ஓட்டுக் கூரையையும் மாதிரியில் வைக்க வேண்டுமா?

மறுமொழி 1:
வையுங்கள், ஆனால் தனியாகத் தூக்கி எடுக்கும்படி. கூடத்துக்கு மேலிருந்து விளக்குகளை எங்கே தொங்கவிடலாம் என்பதை அதை எடுத்தும் வைத்தும் பார்த்தே முடிவு செய்ய முடியும்.