வான்கோழி வேட்டையில் நவீன சாமான்கள்: எதுவரை நியாயம்?

விடியற்காலை கேட்டது:

வசந்த சீசனுக்குச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வாரம், டென்னஸியில் ஒரு வாரம். 12 கேஜ் ஷாட்கன் (ரவை சிதறும் துப்பாக்கி) கையில் இருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று நிற்பவை: ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி), டி.எஸ்.எஸ் தோட்டா (டங்ஸ்டன் ரவை போட்டது), லேசர் தூரமானி, போனுக்குப் படம் அனுப்பும் செல்லுலார் ட்ரெயில் கேமரா, ரிமோட்டில் ஆடும் சேவல் பொம்மை, முன்னால் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போவதற்கான தோகை விசிறி, பறவை அடையும் மரத்தைக் கண்டுபிடிக்க ஒரு தெர்மல் (உடற்சூட்டைக் காட்டும் கருவி).

சட்டத்தை அந்தந்த மாநிலக் கையேட்டில் பார்த்துக்கொள்வேன். என் கேள்வி வேறு. சட்டம் அனுமதிப்பதிலேயே எது முறையான வேட்டை, எது அழுகுணி ஆட்டம்? பழைய ஆட்கள் "ஒரு பாக்ஸ் காலும் பொறுமையும் போதும்" என்கிறார்கள் (பாக்ஸ் கால் என்பது வான்கோழிக் குரல் எழுப்பும் மரப்பெட்டி). கடையில் கேட்டால் எல்லாமே வேண்டும் என்கிறார்கள்.

---

பெட்டிக்குரல்:

ஒவ்வொரு சாமானும் வேட்டையின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

இயல்பில் சேவல் கத்தும், பெட்டை தேடிப் போகும். வசந்த வேட்டையில் நாம் பெட்டையாகக் கூப்பிட்டுச் சேவலை வரச்சொல்கிறோம். அது சந்தேகப்பட்டால் அறுபது கஜத்தில் தோகையை விரித்துக்கொண்டு "முடிந்தால் நீ வா" என்று நின்றுவிடும். தலையை லேசாகத் திருப்பினாலே அதற்குச் சுற்றுவட்டம் முழுக்கத் தெரியும், காதும் கூர்மை, மூக்கு மட்டும்தான் மந்தம். வராமல் இருக்கும் அந்த உரிமைதான் இந்த ஆட்டத்தில் பறவையின் பங்கு. அதைப் பிடுங்கும் கருவியை நான் தொடமாட்டேன். வந்துவிட்ட பறவையை ஒரே வெடியில், தவிக்கவிடாமல் முடிக்க உதவும் கருவியில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்தக் கணக்கில் தூரமானி முதல் வரிசை. புல்வெளியில் கண்மதிப்பு மோசமாக ஏமாற்றும். 55 கஜம் 40 போலத் தெரியும். உட்கார்ந்த உடனே நாலு மரம், ஒரு கல், வேலிக்கம்பம் என்று அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேவல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தூரமானியைத் தூக்கினால் கை அசைவிலேயே கதை முடிந்தது.

ரெட் டாட்டும் அப்படியே. வெறும் பீட் (குழல் நுனிக் குறிக்குமிழ்) வைத்த துப்பாக்கியில் பறவையைப் பார்க்கும் அவசரத்தில் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பும். வெடி தலைக்கு மேலே போகும். புள்ளி இருந்தால் கண் கொஞ்சம் விலகினாலும் புள்ளி எங்கே நிற்கிறதோ வெடி அங்கே போகும். 3 எம்.ஓ.ஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு) புள்ளி 40 கஜத்தில் ஒன்றேகால் அங்குலத்தை மறைக்கும், அது போதும். கெடுவது எங்கே என்றால்: அதிர்வில் மவுண்ட் திருகு தளரும் (நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விடுங்கள்), திறந்த வகைக் கண்ணாடியில் பனித்துளி படியும், முந்தின நாள் வெயிலில் வைத்த பிரகாசம் விடியலில் கண்ணைக் கூசவைத்துப் பறவையின் தலையையே விழுங்கிவிடும். இருட்டில் உட்காரும்போதே குறைத்துவிடுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று: பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் போடுவது. பெரும்பாலான மாநிலங்களில் தடை. தடை இல்லாத இடத்திலும் வேண்டாம். கூப்பிடக் கற்றுக்கொள்வதுதான் இதில் பாதி.

---

இருபதுகேஜ்:

டி.எஸ்.எஸ் பற்றி யாரும் பேசவில்லையே. பட்டியலில் இரண்டு பக்கமும் வெட்டும் சாமான் அதுதான்.

முதலில் இயற்பியல். டங்ஸ்டன் ரவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 18 கிராம், ஈயம் சுமார் 11. ரவை விட்டத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: 17-இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் நூறில் அத்தனை பங்கு. 9-ஆம் எண் 0.08 அங்குலம், 5-ஆம் எண் 0.12. ஒரு அவுன்ஸில் டங்ஸ்டன் 9 ஏறக்குறைய 360 மணி (ரவை உருண்டை). ஈயம் 5 ஏறக்குறைய 170. ஒரு மணியின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது துளைக்கும் ஆழம் ஒன்று, மணியின் எண்ணிக்கை இரு மடங்கு. அதனால்தான் .410 போன்ற சின்னத் துப்பாக்கிகூட வான்கோழிக்கு ஆகிறது. தோள் வலி உள்ளவர், சிறுவர், 12 கேஜ் உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிறவர், எல்லோருக்கும் அது உண்மையான உதவி. அடிபட்டு ஓடும் பறவை குறைகிறது.

அதே தோட்டாவை 12 கேஜில் போட்டால் "60 கஜத்திலும் விழும்" என்ற ஆசை வருகிறது. அங்கேதான் பிரச்சினை. அறுபதில் தயங்கி நிற்கும் பறவையைக் கூப்பிட்டு வரவைப்பதுதான் வேட்டை என்று மேலே சொன்னாரே, அந்தக் கட்டத்தையே தோட்டா விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, தூரம் கூடக்கூட மணி பரவும், வேகம் இறங்கும், தூரக்கணிப்பில் அஞ்சு கஜம் பிசகினாலும் தலைக்குப் போகவேண்டியது உடம்பில் நாலு மணியாகப் போய்ச் சேரும். உடம்பில் காயப்பட்ட வான்கோழி அங்கேயே விழாது; ஓடிப் புதருக்குள் போய்ச் சாகும்.

உங்கள் எல்லையைத் தாளில் கண்டுபிடியுங்கள்:

மூன்றடிச் சதுரத் தாள், நடுவில் 10 அங்குல வட்டம். முதலில் 25 கஜத்தில் சாதாரணப் பயிற்சித் தோட்டாவில் ரெட் டாட்டைச் சரிசெய்யுங்கள். டங்ஸ்டன் தோட்டா ஒன்றே பத்து டாலரைத் தொடும், அதில் டயல் திருகுவது வீண். பிறகு வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டா, அதே சோக் (குழல் முனையில் மாட்டி ரவைச் சிதறலை இறுக்கும் குழாய்), 40 கஜம், உட்கார்ந்த நிலையில் துப்பாக்கியைத் தாங்குகட்டை மீது ஊன்றி. வட்டத்துக்குள் 100 மணி என்பது வேட்டைக்காரர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் குறைந்தபட்சம். ஒரு வெடியை நம்பாமல் மூன்று தாளின் சராசரி எடுங்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வட்டத்துக்குள் முஷ்டி அளவு வெற்றிடம் இருந்தால் அதற்குள் ஒரு வான்கோழித் தலை சுகமாக உட்காரும். அப்புறம் 45, 50 என்று தள்ளுங்கள். எங்கே நூறுக்குக் கீழே போகிறதோ, அதற்கு ஐந்து கஜம் முன்னால் உங்கள் கோடு.

பலர் செய்யாதது: 15 கஜத்திலும் ஒன்று சுடுங்கள். இறுக்கமான சோக்கில் மணி அத்தனையும் முஷ்டி அளவில் போகும். பக்கத்தில் வந்த பறவையை மக்கள் தவறவிடுவது இதனால்தான். சோக் மேல் டங்ஸ்டனுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறி: தலையும் கழுத்தெலும்பும் மட்டும். தோகை விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே மடங்கி இருக்கும், அப்போது சுடக்கூடாது. சுருக்கென்று ஒரே ஒரு "க்ளக்" கொடுங்கள், இறகு சப்பென்று படியும், கழுத்து குச்சி மாதிரி நீளும். உங்களுக்கு ஒரு நொடி இருக்கிறது.

---

மலைச்சரிவு:

இவ்வளவு மனசாட்சிப் பரிசோதனை எதுக்குன்னு புரியல. ஆளுக்கு இத்தனை பறவைன்னு மாநிலமே வரம்பு வைச்சிருக்கு. ரெண்டுன்னா ரெண்டுதான். பாக்ஸ் கால்ல எடுத்தா என்ன, கேமரா பார்த்து எடுத்தா என்ன, பறவைக்கு ஒரே சாவுதானே.

அதோட, டெக்னாலஜியைத் திட்டுறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்தப் பறவை பல மாநிலங்கள்ல சுத்தமாத் துடைச்சுப் போயிருந்துச்சு. பண்ணையில வளர்த்து விட்டதெல்லாம் காட்டுல தாங்கல. 1950-கள்ல வெடிவிசையில பாயுற வலையைப் போட்டுக் காட்டுப் பறவையைக் கூட்டமாப் பிடிச்சு வேற இடத்துல விட்ட பிறகுதான் பெருகுச்சு. 1937-ல வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி. அந்தப் பணம்தான் இதுக்கெல்லாம் போச்சு. நீங்க சந்தேகப்படுற அந்தத் தோட்டாவும் அந்த வரியைக் கட்டுது.

---

ஓக்மரம்:

@மலைச்சரிவு அண்ணே, வரலாறு சரி. வரம்புக் கணக்குதான் இடிக்குது. "ஆளுக்கு ரெண்டு"ன்னு எழுதும்போதே, லைசென்ஸ் எடுத்தவங்கள்ல நிறையப் பேர் வெறுங்கையோடதான் திரும்புவாங்கன்னு கணக்குல வைச்சுத்தான் எழுதறாங்க. எல்லாரும் ரெண்டு எடுக்க ஆரம்பிச்சா அந்த வரம்பு நிக்காது. டென்னஸியையே பாருங்க: 2023-ல சீசன் தொடக்கத்தை ரெண்டு வாரம் தள்ளி, வரம்பை மூணுலேர்ந்து ரெண்டாக் குறைச்சாங்க. கருவியாலதான் குறைச்சாங்கன்னு நான் சொல்லல, பறவை குறைஞ்சதுக்குக் காரணம் பல. ஆனா கருவி வெற்றியை ஏத்தினா, இழப்பு இதே மாதிரி நாளாவும் எண்ணிக்கையாவும்தான் வரும். பாக்ஸ் காலோட போறவனுக்கும் சேர்த்து. அழுகுணி ஆட்டம் பறவையோட மட்டும் இல்ல, பக்கத்து மரத்தடியில உட்கார்ந்திருக்கிற ஆளோடயும்தான்.

செல்லுலார் கேமராவை இப்படிப் பிரிங்க. சீசனுக்கு முன்னாடி, நாளைக்கு ஒரு தடவை மொத்தமாப் படம் அனுப்பற மாதிரி வைச்சு, எந்த மேட்டுல எத்தனை மணிக்குத் தோகை விரிக்குதுன்னு பார்க்கறது உளவு. முந்தின நாளே கழட்டிடுங்க. வேட்டை நாள்ல 9:40-க்குப் படம் வந்து 9:41-க்கு அந்த வயலுக்கு வண்டியைத் திருப்பறது வேற விஷயம். அது தேடறது இல்ல, டெலிவரி எடுக்கப் போறது. அரிசோனா 2022-லேர்ந்து வேட்டைக்கு ட்ரெயில் கேமராவே கூடாதுன்னுட்டாங்க, செல்லுலாரோ மெமரி கார்டு வகையோ. பறக்கும் கருவி வைச்சு வேட்டையாடக் கூடாதுன்னு 1971-லேயே கூட்டாட்சிச் சட்டம் இருக்கு, டிரோன் ஆசையை வீட்டுலேயே வைச்சுடுங்க.

தெர்மல் வேண்டவே வேண்டாம். அது சூட்டைக் காட்டும், சேவலா பெட்டையான்னு காட்டாது. சூரியன் இறங்கின அரைமணி நேரத்துல ஆந்தை மாதிரி ஒரே ஒரு தடவை கூவுங்க. மரத்துல அடைஞ்ச சேவல் அதிர்ச்சியில தானே கத்திக் காட்டிக்கொடுக்கும். அங்கேயே நில்லுங்க, கிட்டப் போகாதீங்க. காலையில விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்து நூறு, நூற்றைம்பது கஜம் தள்ளி உட்காருங்க. அதுக்கு மேல நெருங்கினா அடுத்த பக்கம் இறங்கிப் போயிடும்.

---

விடியற்காலை:

நன்றி. டி.எஸ்.எஸ் வாங்குகிறேன், தாளில் வரும் கோட்டோடு. தெர்மலும் டிரோனும் இல்லை. விசிறி, ஆடும் பொம்மை இரண்டும் பாக்கி.

---

பெட்டிக்குரல்:

பொம்மைக்குத் தமிழில் பழைய சொல்லே உண்டு, "பார்வை". மானைக் காட்டி மானைப் பிடித்த காலத்துச் சொல். ஆகவே பொம்மையே பாவம் என்று நான் சொல்லப்போவதில்லை. காற்றில் தானாக அசையும் பெட்டைப் பொம்மை ஒன்று போதும். உங்களிடமிருந்து 20 கஜத்துக்குள் வையுங்கள். சேவல் அதைப் பார்த்து வெளியே தயங்கி நின்றாலும் உங்கள் கோட்டுக்குள்தான் இருக்கும். ரிமோட் வகை பல இடங்களில் சட்டப்படியே இல்லை. தவிர, சேவல் பொம்மை வேலை செய்வது ஆதிக்கச் சேவலின் கோபத்தில். இணைசேரும் காலத் தொடக்கத்தில் அந்தச் சேவல்தான் முதலில் பாய்ந்து வந்து மாட்டும். அலபாமா 2022-இல் சீசனின் முதல் பத்து நாட்களுக்குப் பொம்மையையே தடைசெய்தது.

விசிறி: பென்சில்வேனியாவில் வசந்தத்தில் கூப்பிட்டு மட்டுமே எடுக்கலாம், பதுங்கிப் போவது குற்றம். அங்கே பேச்சே இல்லை. டென்னஸியில் பொது நிலத்துக்கு என்று தனி விதி இருக்கும், கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

என் தயக்கம் பறவைக்காக மட்டும் இல்லை. விரிந்த தோகைக்குப் பின்னால் ஊர்கிற ஆள், எதிர்ப்பக்கம் மரத்தடியில் இருப்பவருக்கு ஒரு சேவலாகத்தான் தெரிவார். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அதனால்தான் அந்த மூன்று நிறத்தில் கைக்குட்டைகூடக் கொண்டுபோகாதே என்று பாலபாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். அந்த எதிராள் கையில் 60 கஜம் எட்டும் தோட்டா இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மையையோ சுட்ட பறவையையோ தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஆரஞ்சுப் பைக்குள் முழுக்க மறைத்து எடுங்கள், இறகு ஒன்றுகூட வெளியே நீட்டக்கூடாது. வேறு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல் உட்கார்ந்து, மனிதக் குரலில் உரக்கக் கூப்பிடுங்கள்.