மறு: கிரீஸ் டிராப் – 'பிசுக்குத்தேக்கி' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஓட்டல் சமையற்கட்டின் கழிவுநீரிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து நிறுத்தும் தொட்டிதான் கிரீஸ் டிராப். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

> 'கொழுப்புப் பொறி' என்றே வைத்துக்கொள்ளலாமே. டிராப் என்றால் பொறிதானே?

இந்தச் சொல்லைச் சமையற்கட்டில் ஒட்டிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். தியாகராய நகரில் ஓர் ஓட்டலுக்குப் பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோது, பாத்திரம் கழுவும் இடத்துக்கு 'கொழுப்புப் பொறியைத் தவறாமல் சுத்தம் செய்யவும்' என்று எழுதினேன். அங்கே வேலை செய்யும் அக்கா படித்துவிட்டு, "எலிப்பொறி ஸ்டோர் ரூம்லதான் சார் இருக்கு" என்றார். அவர் சொன்னது நியாயம். சமையற்கட்டில் பொறி என்றால் எலிக்கு வைப்பதுதான். 'கொழுப்பு' என்றாலும் ஆட்டுக்கொழுப்புதான் முதலில் நினைவுக்கு வரும். நெய்யும் வனஸ்பதியும் வடை எண்ணெயும் ஓடுகிற சைவ ஓட்டலில் அது யாருக்கும் ஒட்டாது.

அந்தத் தொட்டி எதையும் பிடிப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சிங்கிலிருந்து வரும் நீர் உள்ளே நுழைந்ததும் வேகம் குறைந்து ஆறுகிறது. எண்ணெய் நீரைவிட லேசு, அதனால் மேலே ஏடாகப் படிகிறது. சோற்றுப் பருக்கை அடியில் தங்குகிறது. நடுவில் இருக்கும் நீர் மட்டும் தடுப்புக்குக் கீழாகப் புகுந்து வெளியே போகிறது. தேங்க விடுவதுதான் அதன் வேலை. மின்தேக்கி (கெப்பாசிட்டர்) என்ற சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது, 'தேக்கி' புரியாமல் போகாது. 'பிசுக்கு' பற்றிக் கேட்கவே வேண்டாம். சட்டி தேய்க்கிற யாரும் "பிசுக்கு போகல" என்றுதான் சொல்வார்கள். நெய், எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாமே அதற்குள் அடங்கும்.

> 'பிசுக்குத் தொட்டி' இன்னும் எளிது.

எளிதுதான். ஆனால் தொட்டி என்றால் கொட்டத் தோன்றும். பஜ்ஜி போட்ட எண்ணெயைக் கொண்டுவந்து அதில் ஊற்றிவிடுவார்கள். அந்த எண்ணெயைத் தனியாக டின்னில் சேர்த்துப் பயோடீசலுக்குக் கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே அதற்கு வழி செய்துவிட்டது. முனைவுச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதியும் அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. (இந்த 'முனைவுச் சேர்மங்கள்' சரக்கு மாஸ்டருக்கு எட்டாத சொல். அதற்கு ஒரு தனி இழை தொடங்க வேண்டும்.)

'தேக்கி'யிலும் ஒரு குறை உண்டு, தேக்கியே வைத்துக்கொள்ளலாம் என்பதுபோலத் தொனிக்கும். ஏடும் அடிமண்டியும் சேர்ந்து கால் பங்கு ஆழத்தை எட்டினால் தொட்டி பிசுக்கைக் கோட்டைவிட ஆரம்பித்துவிடும். அதனால் பெயரோடு 'ஏடு எடு' என்ற வினையையும் பழக்கலாம் என்பது என் யோசனை. பாலில் ஏடு எடுக்கிற வீட்டுப் பழக்கம்தானே, விளக்கமே தேவைப்படாது. கொதிநீர் ஊற்றிக் கழுவித் தள்ளுவது பெரிய தப்பு. பிசுக்கு உருகி இங்கிருந்து போய்த் தெருக்குழாயில் உறைந்துவிடும்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், அந்த அடைப்பு எங்கே போய் முடிகிறது என்பதால்தான். கழிவுநீர் பொங்கித் தெருவுக்கும், மழைநீர் வடிகால் வழியே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போகிறது. அப்புறம் யாரோ ஒருவரைக் கூப்பிட்டுச் சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொல்கிறார்கள். மனிதர் கையால் கழிவகற்றுவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் அந்தச் சாவுகள் நிற்கவில்லை. ஆழமான பிசுக்குத்தேக்கியிலும் அதே ஆபத்து இருக்கிறது. மூடிக்கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு சேர்ந்து நிற்கும்.

சமையற்கட்டில் பாதிப்பேர் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள், தமிழ்ச்சொல் யாருக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுக்கு அவர்கள் மொழியிலும் எழுத வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் மேஸ்திரியும் பிளம்பரும் கழிவு லாரி ஓட்டுநரும் நம்மூர்க்காரர்கள். தொட்டியின் மூடியைத் திறப்பது அவர்கள்தான்.

இலக்கணம் பற்றி ஒரு வரி: வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் 'த்' மிகும், சேர்த்தே எழுதலாம்.

வரும் புதன்கிழமை அறிவிப்புப் பலகை அச்சுக்குப் போகிறது. அதில் மூன்று வரிதான்: 'பிசுக்குத்தேக்கி. கால் பங்கு படிந்தால் ஏடு எடுக்கவும். உள்ளே யாரும் இறங்கக் கூடாது.' 'தேக்கி'யைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன். மூன்றாவது வரியை மட்டும் மாற்ற மாட்டேன்.

அன்புடன்