பிளூரோகிராம்: ‘கன்னவரி’ என்கலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

சில வித்துகளின் இரண்டு முகத்திலும் தெரியும் மெல்லிய கோட்டடையாளம்தான் பிளூரோகிராம். நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் ‘லாடக்கோடு’ போதும் என்று சேலத்து நண்பர் எழுதியிருந்தார். கேட்டவுடன் மனதில் உருவம் வந்து நிற்கிற சொல். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன கிழமை இங்கே மட்டக்களப்பில், வாவிக்கரையோரம் நிற்கும் ஒரு மழைமரத்தின் (உங்கள் தூங்குமூஞ்சி மரம்) கீழ் கிடந்த காய்களை என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள். மாடு தின்று மீந்தவை. கறுத்த காயை உடைத்தால் உள்ளே பாணி மாதிரிக் கையில் ஒட்டும் சதை. அதைக் கழுவி எடுத்தால் கபில நிறத்தில் பளபளவென்று வித்து. கைவில்லையை வைத்துப் பார்த்தோம். இரண்டு முகத்திலும் வெளிர் மஞ்சளாய் ஒரு மெல்லிய கோடு. ஒடுங்கிய லாடம் போல வளைந்து, வித்து காம்பிலிருந்து கழன்ற தழும்புப் பக்கம் மட்டும் வாய் திறந்திருந்தது. இப்பில்-இப்பில், அதாவது உங்கள் சவுண்டல், அதன் வித்திலும் அப்படி ஒரு கோடு. குண்டுமணியில் தேடினோம், பயற்றில் தேடினோம், இல்லை. எல்லாமே அவரைக் குடும்பம்தான்; முதல் இரண்டும் அதில் வாகைக் கூட்டம், பின்னிரண்டும் பயற்றுக் கூட்டம். ஆனால் பூவும் இலையும் இல்லாமல், வித்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டே வாகைக் கூட்டத்தைப் பயற்றுக் கூட்டத்திலிருந்து பெரும்பாலும் பிரித்துவிடலாம். அவ்வளவு பெரிய வேலையைச் செய்கிற அடையாளத்துக்குச் சரியான பெயர் வேண்டாமா?

லாடம் என்ற பெயர் இடறுவது ஆவரசில், அதாவது உங்கள் ஆவாரையில். அதன் வித்திலும் முகத்துக்கு ஒன்றாக அடையாளம் உண்டு, ஆனால் அது வாய் திறந்த வளைவல்ல. சுற்றி மூடிய, ஒடுங்கிய பரப்பு. 2017இல் அவரைக் குடும்பத்தை 6 உபகுடும்பங்களாக வகுத்தபோது வாகைக் கூட்டமும் ஆவரசும் ஒரே உபகுடும்பத்துக்குள் வந்துவிட்டன. அதனால் திறந்ததற்கும் மூடியதற்கும் பொருந்துகிற சொல்தான் நமக்குத் தேவை. ‘மூடிய லாடக்கோடு’ என்று எழுத எனக்குக் கை வராது.

கிரேக்க மூலத்தில் ‘பிளூரா’ என்றால் விலா, பக்கம். ‘விலாக்கோடு’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விலா எலும்புதான் நினைவுக்கு வரும். ‘பக்கக்கோடு’ புத்தகத்தின் பக்கத்தில் போட்ட கோடாகிவிடும். வித்தின் முகத்தில் இருப்பதால் முகம், வரி இரண்டையும் சேர்க்கலாம் என்றால் ‘முகவரி’யை ஏற்கெனவே தபாலுக்குக் கொடுத்துவிட்டோம்.

அப்போதுதான் வில்லையைப் பிடித்திருந்த பிள்ளை, “சேர், கன்னத்தில நகம் பட்ட மாதிரி இருக்கு” என்றாள். அங்கிருந்து வந்தது ‘கன்னவரி’. வித்துக்கு இரண்டு பக்கமும் கன்னம், கன்னத்தில் வரி. கோடு என்றால் யாரோ கீறியது போல இருக்கும். வரி அப்படியல்ல, அணில் முதுகில் இருப்பதும் புலி உடம்பில் இருப்பதும் வரிதான், உடம்போடு பிறந்தது. இதுவும் வித்தின் உறையிலேயே உண்டாவது.

இன்னொன்று, இந்தச் சொல் கிளைவிடும். திறந்த கன்னவரி, மூடிய கன்னவரி, கன்னவரியற்ற வித்து என்று தடையில்லாமல் எழுதலாம். வரிக்குள் அடங்குகிற பரப்பை, ‘ஏரியோல்’ என்கிறார்களே அதை, ‘கன்னப்பரப்பு’ எனலாம். நீங்கள் விதை என்பீர்கள், நாங்கள் வித்து என்போம். கன்னவரிக்குள் இரண்டும் இல்லாததால் அந்தப் பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டியதில்லை.

சொற்பட்டியலில் ஏற்றுமுன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஆவாரை அங்கே வீட்டுப் பக்கத்திலேயே நிற்கும். நாலு வித்தை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து